லண்டன் மாரத்தானில் ஓடி மறதி நோய் (டிமென்ஷியா) ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது எப்படி?

42.195 கிலோமீட்டர் ஓடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, காசு கேட்பது. முதல்முறை ஓடுபவர்கள் பயிற்சியை ஜனவரியிலேயே தொடங்கிவிட்டு, கேட்பதை மட்டும் கூச்சப்பட்டுக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

படி 1: இடம் பிடியுங்கள்

ஏப்ரலில் ஓட்டம் நடக்கும் நாட்களையொட்டியே அடுத்த ஆண்டு ஓட இடம் தரும் குலுக்கலுக்கு விண்ணப்பம் திறந்துவிடும். 2026 ஓட்டத்துக்கு 11 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம். தொண்டு நிறுவனங்களிடம் தனியாக இடங்கள் இருக்கின்றன. பதிவுக் கட்டணத்தோடு, பெரும்பாலும் 2,000 பவுண்டோ அதற்கு மேலோ திரட்டித் தருவதாக நீங்கள் உறுதி சொல்ல வேண்டும். குலுக்கலிலேயே இடம் கிடைத்துவிட்டால், அதே நிறுவனத்துக்காக இந்த நெருக்கடி இல்லாமல் ஓடலாம்.

படி 2: யாருக்காக என்று முடிவுசெய்யுங்கள்

மறதி நோயில் பரவலான வகை அல்சைமர். அல்சைமர்ஸ் ரிசர்ச் யுகே என்ற தொண்டு நிறுவனம் முழுக்க ஆராய்ச்சிக்கானது. அல்சைமர்ஸ் சொசைட்டி ஆராய்ச்சியோடு, நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவியும் செய்கிறது. இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் "ஆராய்ச்சிக்கு" என்று சொல்லிக் காசு கேட்டால் அது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2019 லண்டன் மாரத்தானில் இவ்விரண்டும் கைகோத்து, பிரிட்டனின் டிமென்ஷியா ஆராய்ச்சி நிலையத்துக்காக நிதி திரட்டின. அல்சைமர் நோயோடு வாழ்ந்துகொண்டிருந்த நடிகை பார்பரா வின்ஸருக்காக அவர் கணவர் ஸ்காட் மிட்செலும் சக நடிகர்களும் அந்த ஆண்டு ஓடினார்கள்.

படி 3: பக்கம் திறந்து, கேளுங்கள்

ஜஸ்ட்கிவிங் போன்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பக்கம் திறந்ததும் முதல் தொகையை நீங்களே போடுங்கள். பூஜ்யத்தில் நிற்கிற பக்கத்தில் முதல் ஆளாகப் போட எல்லோருக்கும் தயக்கம். அடுத்து, தாராளமாகத் தரக்கூடிய இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். பின்னால் வருபவர்கள் முன்னால் இருக்கும் தொகையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டால் கைகூப்பும் படங்கள் வரும், காசு வராது. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள், தொகையையும் சொல்லுங்கள்:

"சித்தப்பா, ஏப்ரல்ல லண்டன் மாரத்தான் ஓடுறன். அம்மம்மாவுக்கு வந்த மறதி நோய்க்கு மருந்து தேடுற ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கிறன். இந்த ஞாயிறு முதல்தரம் 20 கிலோமீட்டர் ஓடப்போறன். கிலோமீட்டருக்கு ஒரு பவுண்ட் எண்டு 20 பவுண்ட் தருவீங்களோ?"

"வயசானா மறதி வரும்தானே" என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். மூளைச் செல்கள் சேதமாவதால் வருகிற நோய் இது, முதுமையின் இயல்பான பகுதி அல்ல என்று இரண்டே வரியில் சொல்லுங்கள்.

கொடுப்பவர் பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் என்றால் கிஃப்ட் எய்ட் பெட்டியில் டிக் போடச் சொல்லுங்கள். அவர் கட்டிய வரியிலிருந்து ஒரு பங்கை அரசு தொண்டு நிறுவனத்துக்குத் தரும் திட்டம் அது: 10 பவுண்ட் 12.50 ஆகும். மட்டன் ரோல்ஸ் விற்றும் சேர்க்கலாம், ஆனால் விற்பனைப் பணத்துக்கு கிஃப்ட் எய்ட் கிடையாது. வேலையிடத்தில் நீங்கள் திரட்டியதற்கு ஈடாகப் பணம் தரும் திட்டம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

படி 4: ஓடிப் பழகுங்கள்

இதய நோய், நீரிழிவு போன்றவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இடைநிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட வந்துவிட்டால், அதன்பின் 16 முதல் 20 வாரம் வேண்டும். வாரம் மூன்று நான்கு நாள் போதும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் நடங்கள், அதில் வெட்கமில்லை. ஞாயிறு நீள ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 30, 32 கிலோமீட்டர்வரை கொண்டுபோய், கடைசி மூன்று வாரம் குறைத்துவிடுங்கள். லண்டன் குளிர்காலத்தில் விடிவதற்குள் ஓட வேண்டியிருக்கும். பளிச்சென்ற மேலாடை அவசியம்.

முந்தைய நாள் பாஸ்தாதான் சாப்பிட வேண்டுமென்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சோறும் மாச்சத்துதான், உங்கள் வயிற்றுக்குப் பழகியதும்கூட.

படி 5: ஓட்ட நாள்

புதுச் சப்பாத்து, ஓடும்போது சாப்பிடும் புது எனர்ஜி ஜெல் எதுவும் வேண்டாம். கிரீனிச் பக்கமிருந்து புறப்படும்போது கூட்டத்தின் ஆரவாரம் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும், அடக்கிக்கொள்ளுங்கள். டவர் பிரிட்ஜைத் தாண்டியதும் பாதித் தூரம். கேனரி வார்ஃப் பக்கம், 30 கிலோமீட்டர் அளவில், உடலில் சேமித்த சர்க்கரை தீர்ந்து கால் கனக்கலாம். அதற்கு முன்பிருந்தே அவ்வப்போது ஏதாவது சாப்பிட்டுவாருங்கள். தண்ணீரைத் தாகத்துக்கு மட்டும் குடியுங்கள், அளவு மீறினால் அதுவும் ஆபத்து.

த மால் சாலையில் முடித்ததும் பதக்கத்தோடு படம் எடுத்து, இன்னும் தராதவர்களுக்கு அன்றைக்கே அனுப்புங்கள். அந்தப் படத்துக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.