குட்டை ஸ்கேல், 12 ஃபிரெட் கிட்டார்: பார்த்து வாங்கி, வழிக்குக் கொண்டுவருவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கிட்டார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஈப்போவுக்குத்தான் போகிறார்கள். அங்கே சின்னக் கிட்டார் ஒன்றைக் கையில் எடுத்ததும் “இது 12 ஃபிரெட், குட்டை, விரலுக்குச் சுகமா இருக்கும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இதில் இரண்டு தனித்தனி சங்கதி கலந்து கிடக்கிறது. ஃபிரெட் என்பது கழுத்தின்மேல் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. 12 ஃபிரெட் என்பது கழுத்து பாடியோடு சேரும் இடம் (மொத்த ஃபிரெட் அதைவிட அதிகம் இருக்கும்). ஸ்கேல் என்பது நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் சின்னத் துண்டு) சேடல் வரை (பாடிப் பக்கம் கம்பி உட்காரும் துண்டு) கம்பி அதிரும் நீளம். 12 ஃபிரெட்டில் நீள ஸ்கேலும் வருகிறது, 14 ஃபிரெட்டில் குட்டை ஸ்கேலும் வருகிறது. எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்கேலை அளக்க ஒரு தையல் டேப் போதும். நட்டின் உள்விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட் பட்டையின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். சேடல் வரை நேராக அளக்க வேண்டாம், அது சாய்வாக உட்கார்ந்திருக்கும், கணக்கு தப்பும். 12ஆம் ஃபிரெட் வரை 316 மி.மீ. வந்தால் ஸ்கேல் 632 மி.மீ., அதாவது 24.9 அங்குலம், மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிட்டார் கம்பெனியின் குட்டை ஸ்கேல். 322, 323 வந்தால் 25.4 அங்குல நீள ஸ்கேல். 300க்குக் கீழே வந்தால் அது பயணத்துக்குத் தூக்கிப்போகிற சின்ன வகை. அந்தக் கணக்கே வேறு.

அரை அங்குலத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். அதே கம்பி, அதே சுருதி என்றால், கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும், 25.4இலிருந்து 24.9க்கு வந்தால் ஏறக்குறைய 4 சதவீதம் குறைகிறது. விரலுக்கு அது உடனே தெரியும், பார் கார்ட் (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது) பிடிக்கும்போது ரொம்பவே தெரியும். கம்பி தளர்வாக இருப்பதால் சத்தம் கொஞ்சம் மென்மையாக, வட்டமாக வரும், கமகம் மாதிரி கம்பியை இழுத்து வாசிப்பதும் சுலபம். ஆனால் ஓங்கி அடித்தால் கம்பி அகலமாக ஆடி ஃபிரெட்டில் உரசும்.

12 ஃபிரெட்டின் வேலை வேறு. அதே பாடி, அதே ஸ்கேல் என்று வைத்துக்கொண்டு 14இலிருந்து 12க்கு மாற்றினால் பிரிட்ஜ் (சேடலைத் தாங்கி, கம்பிகளைப் பாடியோடு பிடித்திருக்கும் கட்டை) சுமார் மூன்றரை செண்டிமீட்டர் பின்னால் போய், மேல்பலகையின் அகலமான பகுதியின் நடுவே உட்காரும். அங்கே பலகை தாராளமாக அசையும், அதனால்தான் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து அப்படியொரு நிறைவான பேஸ் வருகிறது. 1929இல் பெர்ரி பெக்டெல் என்ற பான்ஜோ கலைஞர் மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை எட்ட வேண்டும் என்று கேட்க, மார்ட்டின் 14 ஃபிரெட் கிட்டார் செய்து கொடுத்தது. அதற்கு முன் 12தான் வழக்கம். ஆக 14 வந்தது கை எட்டுவதற்காக, தொனிக்காக அல்ல. 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே போய் சோலோ வாசிக்கிறவர் என்றால் இந்த வகை உங்களுக்கு வேண்டாம், இங்கேயே விட்டுவிடுங்கள்.

குட்டை ஸ்கேலும் 12 ஃபிரெட்டும் சேர்ந்த கிட்டாரில், நீள ஸ்கேல் 14 ஃபிரெட்டைவிட, நட் நம் பக்கம் சுமார் நான்கு செண்டிமீட்டர் நெருங்கி வருகிறது. தோள் வலிக்காரர்களுக்கும் கை குட்டையானவர்களுக்கும் இதுதான் பெரிய லாபம், தொனியெல்லாம் அப்புறம்.

ஒரு எச்சரிக்கை. நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டாரும் 12 ஃபிரெட்தான். தோட்டத்து வீடுகளில் பழைய கிளாசிக்கல் கிட்டார் ஒன்று அலமாரிமேல் கிடக்கும், சத்தம் போதவில்லை என்று யாராவது அதில் இரும்புக் கம்பியை மாட்டிவிடுவார்கள். நைலான் செட் மொத்தம் 40 கிலோ அளவுக்கு இழுக்கும், இரும்பு செட் 70 கிலோவைத் தாண்டும். கொஞ்ச நாளில் பிரிட்ஜ் பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். பிரிட்ஜில் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலானுக்கானது, தொடாதீர்கள்.

கம்பி விஷயத்தில் என் கட்சி இதுதான்: 632 ஸ்கேலுக்கு 12–53 லைட் செட் (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன், ஆறாம் கம்பி 0.053). நீள ஸ்கேலில் அதே 12 போட்டதைவிட இங்கே கைக்குச் சுகமாக இருக்கும், தொனியும் ஒல்லியாகாது. இதில் 10 போடுகிறவர்களை எனக்குப் புரியவில்லை. குழைந்துபோய் சுருதியே நிற்காது. ஆறாம் கம்பியை டி வரை இறக்கி வாசிப்பதாக இருந்தால் அந்த ஒரு கம்பியை மட்டும் 56ஆக மாற்றுங்கள்.

இப்போது செட்டப். முதலில் கழுத்தின் வளைவு. சுருதி கூட்டிவிட்டு, ஆறாம் கம்பியை 1ஆம் ஃபிரெட்டிலும் 12ஆம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஆறாம் ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே மெல்லிய விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும், 0.2 மி.மீ. சொச்சம். அதிகமாக இருந்தால் டிரஸ் ராடை (வளைவைச் சரிசெய்யக் கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி சுருதி கூட்டிப் பாருங்கள். இறுக்கமாக அடம்பிடித்தால் நிறுத்திவிட்டு கடைக்கே கொண்டுபோங்கள்.

அப்புறம்தான் ஆக்‌ஷன், அதாவது ஃபிரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம். 12ஆம் ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை ஸ்டீல் ரூலரால் பாருங்கள்: ஆறாம் கம்பிக்கு 2.3 முதல் 2.5 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 பக்கம். அரை மி.மீ. இறக்க வேண்டுமென்றால் சேடலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும், எப்போதும் இரண்டு மடங்கு. சேடலை உருவி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, சமதளமான டைல்ஸ்மேல் 120 நம்பர் மணல்தாளை ஒட்டி நிமிர்த்திப் பிடித்துத் தேயுங்கள். கொஞ்சம் தேய், மாட்டு, அள, மறுபடி தேய். அடி சாய்ந்துபோனால் ஒரு பக்கக் கம்பிகள் ஊமையாகிவிடும். மென்மையாக வாசிக்கிறவர்களும் அளவை இதற்குக் கீழே கொண்டுபோக வேண்டாம், தளர்ந்த கம்பிக்கு ஆட இடம் வேண்டும்.

ஆனால் வாங்கி வந்த அன்றே சேடலைத் தேய்க்க உட்காராதீர்கள். கிட்டாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கடை ஏர்கோனில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும். நம் ஊரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்குள் 80ஐத் தாண்டுவது சாதாரணம். மரம் ஈரம் குடித்து, மேல்பலகை உப்பி, பிரிட்ஜும் ஏறி, கடையில் சுகமாக இருந்த ஆக்‌ஷன் சில வாரங்களில் உயர்ந்துவிடும். அதனால் வீட்டுக் காற்றுக்குப் பழகும்வரை விட்டு, பிறகு அளவெடுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் கிட்டாருக்குள் ஈரப் பஞ்சு வைக்கச் சொல்வார்கள், அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. நமக்கு வேண்டியது கெட்டிப் பெட்டிக்குள் சிலிகா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும். ராத்திரி ஏர்கோன், பகலில் புழுக்கம் என்று மாறி மாறி வெளியே கிடப்பதுதான் ரொம்ப மோசம், பெட்டியை மூடியே வையுங்கள். கார் பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) மதிய வெயிலில் விட்டால் பிரிட்ஜ் பசை இளகும்.

பஜனைக்கும் தேவாலயப் பாட்டுக்கும் வாசிக்கிறவர்களுக்கு கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப்) கட்டாயம் தேவைப்படும். பெண்கள் ஐந்தரைக் கட்டையில் (ஜி ஷார்ப்) பாடினால், ஜி கார்ட் வடிவத்தோடு முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் சரியாக வந்துவிடும். ஆண்களுக்கு ஒன்றரைக் கட்டை (சி ஷார்ப்) என்றால் சி வடிவத்தோடு முதல் ஃபிரெட், அல்லது ஏ வடிவத்தோடு நான்காவது. குட்டை ஸ்கேலில் ஐந்தாம் ஃபிரெட்டைத் தாண்டி கேப்போ போனால் தடித்த விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், வடிவத்தை மாற்றிக்கொள்வதே மேல். கம்பியை அமுக்கி நசுக்காதீர்கள், தளர்வான கம்பி அழுத்தத்தில் உடனே சுருதி ஏறும்.

தபேலா, ஹார்மோனியத்தோடு பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) உட்கார்ந்தால் இந்தக் கிட்டார் தனியாகக் கேட்காது, ஓங்கி அடித்தும் பயனில்லை. மைக் வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் பேஸ் மட்டும் குமுறும். கழுத்தும் பாடியும் சேரும் இடத்தைப் பார்த்து, ஒரு சாண் தள்ளி.