டர்போவைக் கழற்றுவதற்கு முன்: வேஸ்ட்கேட் கோளாறைத் தேடும்போது நடக்கும் தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது பாதி வளைவுகள் தாண்டியதும் என் 2008 மாடல் டீசல் கார் திடீரென்று சோர்ந்துவிட்டது. ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தாலும் ஊர்ந்துதான் போனது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி இழுத்தது. நாலு வளைவு போனதும் மறுபடி அதே கதை. கீழே வந்து ஷெட்டில் ஸ்கேனர் போட்டார்கள். பி0234 என்று கோடு வந்தது, அதாவது டர்போ அழுத்தம் எல்லை மீறியது. "டர்போ கோடு சார், டர்போ மாத்தணும்" என்றார்கள்.

மாற்றவில்லை. டர்போவின் காற்றுப் பக்கத்திலிருந்து ஆக்சுவேட்டருக்கு (வேஸ்ட்கேட் கதவை ஒரு ராடால் அசைக்கும் டப்பாவுக்கு) போகும் சுண்டுவிரல் தடிமனுள்ள ரப்பர் ஹோஸின் அடிப்புறத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது. விரலால் வளைத்தபோதுதான் வாய் திறந்தது. அந்த ஹோஸை மாற்றியதும் கோளாறு போய்விட்டது. அதற்குப் பிறகு தெரிந்தவர்களின் வண்டிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். நல்ல டர்போவைக் கழற்றி எறிய வைக்கும் தவறுகள் திரும்பத் திரும்ப அதே சிலதான்.

முதலில் வேஸ்ட்கேட் என்ன செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். ஏரிக்குக் கலங்கு எப்படியோ, டர்போவுக்கு வேஸ்ட்கேட் அப்படி. எஞ்சினிலிருந்து வரும் சூடான வாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே அனுப்புகிறது. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். காற்றழுத்தம் அளவைத் தொட்டதும் ஒரு சின்னக் கதவு திறந்து, மிச்ச வாயுவைச் சக்கரத்தில் படாமல் சைலன்சர் பக்கம் திருப்பிவிட வேண்டும். கதவு மூடாவிட்டால் அழுத்தம் ஏறாது, வண்டிக்கு இழுவை இருக்காது. கதவு திறக்காவிட்டால் அழுத்தம் எல்லை மீறும். உடனே கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும். ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: பிக்கப் இல்லை. என் காரில் நடந்தது இரண்டாவது. ஹோஸ் வெடித்ததால் அழுத்தம் ஆக்சுவேட்டருக்குப் போய்ச் சேரவில்லை, கதவு திறக்கவே இல்லை. டர்போ வேலை செய்யாததால் அல்ல, அளவுக்கு மீறி வேலை செய்ததால்தான் கார் படுத்தது.

ஆகவே, ஆக்சுவேட்டர் எந்த வகை என்று பார்க்காமல் முடிவுக்கு வருவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அழுத்தத்தில் இயங்கும் வகையில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் கதவை மூடி வைத்திருக்கும், காற்றழுத்தம் அதைத் திறக்கும். வேக்கத்தில் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில்) இயங்கும் வகையில் பெரும்பாலும் தலைகீழ்: வேக்கம் இழுத்தால்தான் கதவு மூடும். ஹோஸ் கிழிந்தால் முதல் வகையில் அழுத்தம் எகிறும், இரண்டாம் வகையில் அழுத்தமே வராது. ஒரே கோளாறுக்கு நேரெதிரான இரண்டு விளைவுகள். வகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும், நீங்கள் ராடைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ராடு இழுபட்டால் வேக்கம் வகை, அசையாமல் நின்றால் அநேகமாக அழுத்த வகை. பிறகு ஹோஸ் எங்கிருந்து வருகிறது என்று விரலாலேயே தொடர்ந்து போய் உறுதிசெய்துகொள்ளலாம். வேக்கம் வகையில் இன்னொரு துப்பும் உண்டு. பல டீசல் வண்டிகளில் அல்டர்நேட்டரின் பின்புறம் இருக்கும் ஒரே வேக்கம் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும் வேக்கம் கொடுக்கிறது. இழுவை குறைந்ததோடு பிரேக் பெடலும் இறுகியிருந்தால், டர்போவை விட்டுவிட்டு அந்தப் பம்பைப் பாருங்கள். அதைவிட முக்கியம், வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

எல்லா டர்போவிலும் வேஸ்ட்கேட் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. நம் ஊரில் நிறைய ஓடும் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 75 குதிரைத்திறன் வடிவில் வேஸ்ட்கேட் உள்ள சாதாரண டர்போ, 90 குதிரைத்திறன் வடிவில் இதழ்கள் திரும்பும் விஜிடி டர்போ. விஜிடியில் வேஸ்ட்கேட் கதவே கிடையாது. அதிலும் வெளியே ஒரு டப்பாவும் ராடும் தெரிவதால், பார்ப்பவர்கள் குழம்பிவிடுகிறார்கள்.

அடுத்தது, நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பது. பானெட்டைத் திறந்து, நியூட்ரலில் முறுக்கி, "ராடு அசையல, ஆக்சுவேட்டர் போச்சு" என்று சொல்வதை எத்தனையோ ஷெட்டில் கேட்டிருக்கிறேன். பாரம் இல்லாத டீசல் எஞ்சின் கொஞ்சம் டீசலைத்தான் எரிக்கும். வெளியேறும் வாயுவும் குறைவு என்பதால் அழுத்தம் கதவைத் திறக்கும் அளவுக்கு ஏறாது. ராடு அசையாததுதான் அங்கே இயல்பு. ஓர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து ஏற்ற வேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். ஓட்டுபவரே பார்க்கக் கூடாது.

ஸ்கேனர் எண்ணைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. பெரும்பாலான ஸ்கேனர்கள் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். ஐடிலில் 100 கிலோபாஸ்கல் என்றால் டர்போ 1 பார் கொடுக்கிறது என்று அர்த்தமில்லை, டர்போ ஒன்றுமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். 200 காட்டினால்தான் ஏறக்குறைய 1 பார். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டால் சென்னையில் 100-ஐ ஒட்டியும், ஊட்டியில் 78-ஐ ஒட்டியும் வர வேண்டும். வரவில்லை என்றால் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கரி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தப்பாகச் சொல்லும் சென்சாரை நம்பி டர்போவுக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது.

சரி, அழுத்த வகை ஆக்சுவேட்டர் மீதுதான் சந்தேகம் என்றால்? ஹோஸைக் கழற்றி, ஷெட்டின் கம்ப்ரசரிலிருந்து நேராகக் காற்றை அடிக்கிறார்கள். டயருக்கு அடிக்கும் அந்தக் காற்று 7, 8 பார் இருக்கும். 1 பார் அளவில் வேலை செய்யும் டயாபிரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) அதில் கிழிந்துபோகும். அதுவரை நன்றாக இருந்த ஆக்சுவேட்டரைச் சோதனையே கொன்றுவிடுகிறது. மீட்டர் வைத்த கைப்பம்ப் போதும். மெதுவாக அழுத்துங்கள். ஓர் அளவு வரை ராடு அசையாது, பிறகு தயங்காமல் நகரும். அங்கே நிறுத்தி ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கினால் டயாபிரம் ஒழுகுகிறது. காற்றை விட்டதும் ராடு ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். தடுக்கித் தடுக்கி வந்தால் கிளிப்பைக் கழற்றி ராடை லீவரிலிருந்து விடுவித்து, லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். நல்ல கதவு வழுவழுவென்று திரும்பி, மூடும்போது 'டிக்' என்று உலோகச் சத்தம் கேட்கும். துருவும் கரியும் ஏறிய கதவு பாதியில் நிற்கும். துரு இளக்கும் எண்ணெய் தெளிப்பது டர்போ முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் தெளித்தால் தீப்பிடிக்கும்.

ராடின் நட்டைத் திருகி "பிக்கப் ஏத்தித் தரேன்" என்பவர்களுக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். ராடைச் சுருக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், இழுவை கூடியது போல இருக்கும். கூடவே டர்போவின் சுற்றும், ஹெட் கேஸ்கெட்டின் மேல் விழும் அழுத்தமும் கூடும். 15 வருடம் ஓடிய எஞ்சினுக்கு அது பெரிய பாரம். ஏதோ காரணத்துக்காக நட்டைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தண்டை ஆட்டிப் பார்த்து "பிளே இருக்கு" என்று தீர்ப்பு சொல்வதும் அப்படித்தான். புஷ் பேரிங் டர்போவில் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. எண்ணெய் இல்லாமல் நிற்கும்போது பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. சக்கரம் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ, முன்னும் பின்னுமாக ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோதான் கவலை.

புகையையும் கவனியுங்கள். இழுவை இல்லாமல் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை: இன்டர்கூலர் ஹோஸ் விட்டிருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். காமன் ரெயிலுக்கு (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் முறைக்கு) முந்தைய வண்டிகளில் இன்னோர் இடமும் உண்டு. போஷ் விஇ வகை டீசல் பம்ப் சிலவற்றின் தலையில் டர்போ அழுத்தத்துக்கேற்ப டீசலைக் கூட்டும் டயாபிரம் இருக்கும். அதற்குப் போகும் ஹோஸ் கிழிந்தால் டர்போவும் வேஸ்ட்கேட்டும் சரியாக இருந்தும் வண்டி இழுக்காது, புகையும் வராது. அந்த ஹோஸையும் விரலால் வளைத்துத்தான் பார்க்க வேண்டும்.