கண்புரை ஆபரேஷன்: முன்கூட்டியே பதற்றத்தைக் குறைக்க

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிற பலருக்கு வலியைவிட, "நடுவுல கண்ணைச் சிமிட்டிட்டா?" என்ற பயம்தான் பெரிது. "ஒண்ணும் ஆகாது" என்று தட்டிக்கொடுத்தால் அது போகாது. நடக்கப்போவதை அவர்களிடம் சொல்லுங்கள். இமைகளைச் சின்னக் கம்பிக் கவ்வி பிடித்துக்கொள்ளும், சிமிட்ட நினைத்தாலும் முடியாது. சொட்டுமருந்து விட்டு மரத்துப்போகச் செய்வார்கள், சில இடங்களில் ஊசி. எது என்று முன்பே கேட்டு வையுங்கள். லேசான அழுத்தம், தண்ணீர் ஓடுகிற உணர்வு, கூசும் வெளிச்சம், மெஷின் சத்தம் இருக்கும். பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்தில் முடியும்.

முகத்தை மூடும் துணியில்தான் பலருக்கு மூச்சுமுட்டுவதுபோல் இருக்கும். நாலைந்து நாள் முன்பிருந்தே மல்லாந்து, மெல்லிய துண்டை முகத்தில் தளர்வாகப் போட்டு, 20 நிமிடம் அசையாமல் படுத்துப் பழகலாம். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். வேகமாக இழுத்தால் தலை கிறுகிறுக்கும். மல்லாந்தால் இருமலோ மூச்சு வாங்கலோ வருகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் நடக்கும்போது இருமல் வந்தால் தலையை அசைக்காமல் வாயால் சொல்ல வேண்டும். டாக்டர் கருவியை எடுத்ததும் தாராளமாக இருமலாம்.

அடிக்கடி நடக்கும் தப்பு: அன்று காலை பிரஷர் மாத்திரையைத் தாங்களே நிறுத்துவது. ஏற்கெனவே பதற்றம், அதோடு பிரஷரும் எகிறினால் ஆபரேஷன் தள்ளிப்போகும். டாக்டர் நிறுத்தச் சொல்லாதவரை வழக்கம்போல் போடச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரைக்கும் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரைக்கும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தியேட்டருக்குள் போகுமுன் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்ல மறக்காதீர்கள்.