கோழிக்கூட்டைக் கீரி, மரநாய் புகாமல் அடைப்பது எப்படி? மட்டக்களப்பு வளவுகளுக்கான செய்முறை

சுத்தியலைக் கையில் எடுக்க முதல், வந்து போனது எது என்று பாருங்கள். பகலில் கோழி கடிபட்டிருந்தால் பெரும்பாலும் கீரி அல்லது நாய். கீரி பெரும்பாலும் இரவில் வேட்டைக்கு வருவதில்லை. விடியும்போது பல கோழிகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் மரநாயைச் சந்தேகியுங்கள். ஓடுகூட மிஞ்சாமல் முட்டை காணாமல் போனால் பாம்பு அல்லது உடும்பு. வேலிப்பக்கமாக இறகு சிந்திக் கிடந்தால் நரி அல்லது காட்டுப்பூனை. படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரையில்) வயலையும் பற்றையையும் ஒட்டிய வளவுகளில் இவற்றுக்குக் குறைவில்லை. வலையோரம் தலையில்லாத கோழி கிடந்தால், பெரும்பாலும் எதுவும் உள்ளே வரவில்லை. வெளியில் நின்ற விலங்கு வலைக்கண்ணுக்குள்ளால் பிடித்து இழுத்திருக்கிறது.

10 கோழிகளுக்கு 6 அடி நீளம், 4 அடி அகலத்தில் இரவுக்கூடு போதும். வாங்க வேண்டியவை: அரை அங்குலக் கண்ணுள்ள கல்வனைஸ் (நாகம் பூசிய) வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளை ஒட்டவைத்த வலை (சுவருக்கு 4 அடி அகலத்தில் 21 அடி, நிலத்துக்கு 3 அடி அகலத்தில் 15 அடி), ஒரு அங்குலத் திருகாணி, வாஷர், இரண்டு தாழ்ப்பாள், ஒரு சின்னப் பூட்டு.

1. சுவர் வலை
அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை மலிவுதான், ஆனால் நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும், எலியும் பாம்பும் கண்ணுக்குள்ளால் போகும். வெல்ட் மெஷ்ஷைச் சட்டத்தின் வெளிப்பக்கமாக அடியுங்கள். வெளியிலிருந்து தள்ளும்போது பாரத்தை ஆணி அல்ல, மரம் தாங்கும். யூ ஆணியை மட்டும் நம்ப வேண்டாம், மாரியில் மரம் ஊறி இளகிவிடும். 6 அங்குலத்துக்கு ஒன்றாக வாஷர் போட்ட திருகாணி இறுக்குங்கள்.

2. நிலத்து வலை
அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) மணலை நாயும் கீரியும் சுலபமாகத் தோண்டும். ஆழமாகக் கிடங்கு வெட்டி வலையைப் புதைக்கலாம் என்றால், மணல் சரியும், மாரியில் தண்ணீர் ஊறி வலை துருப்பிடிக்கும். அதனால் வலையைப் படுக்கவையுங்கள்.

3 அடி மெஷ்ஷை நீளப்பாட்டில் இரண்டாக வெட்டினால் ஒன்றரை அடித் துண்டுகள் வரும். 3 அங்குலத்தைக் கூட்டின் அடிச்சட்டத்தில் இறுக்கி, மீதி 15 அங்குலத்தை வெளிப்பக்கமாக நிலத்தில் விரியுங்கள். மூலைகளில் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்க வேண்டும். மேலே உடைந்த புளொக்கல்லை அடுக்கி மண் போடுங்கள். மணலில் முளை அடித்தால் நிற்காது. விலங்கு சுவரடியில்தான் தோண்டும். வலை தட்டினால் இடம் மாறிப் பார்க்குமே தவிர, ஒன்றேகால் அடி பின்னால் போய்த் தோண்டத் தோன்றாது.

3. கூரை
தகரத்தின் அலைகளுக்கும் அதைத் தாங்கும் வளைமரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை மிஞ்சிய மெஷ்ஷால் அடையுங்கள், எலியும் பாம்பும் அதற்குள்ளால் வரும். கூரைக்கு 6 அடிக்குள் வரும் மா, பலாக் கிளைகளை வெட்டுங்கள்.

4. கதவு
கொளுக்கி வேண்டவே வேண்டாம், ஆட்டி ஆட்டியே கழன்றுவிடும். மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று. கீழ்ப்பக்கம் இல்லையென்றால் கதவின் மூலையை நாய் மடித்து நுழையும். மேல் தாழ்ப்பாளில் பூட்டைப் போடுங்கள். கதவுக்கும் நிலைக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் நீக்கல் இருக்கக் கூடாது.

5. பகல் மேய்ச்சல் இடம்
பருந்துக்கும் காகத்துக்கும் கழித்த மீன்வலை போதும். கரையோர ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை. கம்பி இழுத்து அதன்மேல் விறைப்பாக விரியுங்கள். நிலத்தோரம் மட்டும் தொங்கவிட வேண்டாம், பாம்பு சிக்கிச் சாகும், அல்லது சிக்கியதை எடுக்கப்போன உங்கள் கையைக் கொத்தும்.

நஞ்சு வைப்பது பற்றியும் கேட்பார்கள். அது பக்கத்து வீட்டு நாயைத்தான் முதலில் கொல்லும். உடும்பும் மலைப்பாம்பும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. கூட்டுக்குள் மலைப்பாம்பு இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

6. அன்றாட வேலை
பொழுதுபடக் கோழிகளை எண்ணி அடையுங்கள். மிஞ்சிய தீனியை இரவில் விடாதீர்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கடற்காற்றில் கல்வனைஸும் துருவேறும், அதனால் மாரி முடிந்ததும் புளொக்கல்லைத் தூக்கி நிலத்து வலையைக் கையால் இழுத்துப் பாருங்கள். கம்பி ஒடிந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள்.