பழைய காரின் ஹெட்லைட் மங்குகிறதா? பல்பை மாற்றும் முன் வயரைச் சோதியுங்கள்

ஹெட்லைட் மங்கியதும் பலர் உடனே புதுப் பல்பு வாங்கிவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சுத்தமாக அணைந்திருந்தால் அது நியாயமான முதல் முயற்சி. ஆனால் பல ஆண்டுகள் ஓடிய காரில், மின்சாரம் பல்புக்கு வந்து திரும்புகிற வழியைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். அந்த வழியைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர், உப்புத்தாள், ஸ்பேனர், இரண்டு மூன்று அடி வயர் இருந்தால் போதும். இது சாதாரண ஹாலஜன் விளக்குகளுக்கான முறை. செனான் விளக்கு என்றால் கை வைக்காதீர்கள். அதில் பல ஆயிரம் வோல்ட் உண்டு.

படி 1: அறிகுறியைக் கவனியுங்கள்

டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரு விளக்கில் டிம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பின் இழை அறுந்திருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால், இரண்டு பல்பும் சேர்ந்தாற்போல் போயிருக்க வாய்ப்பு குறைவு; ஸ்விட்ச், ரிலே (ஸ்விட்ச் போட்டதும் விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சிறு பெட்டி) அல்லது பொதுவான பியூஸைப் பாருங்கள். பிரைட் போடும்போது அதே பக்கத்து பார்க்கிங் விளக்கோ இன்டிகேட்டரோ லேசாக மினுங்குகிறதா? அநேகமாக எர்த், அதாவது மின்சாரம் காரின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, பழுதுதான். திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியே போகப் பார்க்கிறது.

படி 2: பியூஸும் பல்பும்

பல கார்களில் இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி பியூஸ் உண்டு. பியூஸைக் கழற்றி, அதன் கால்களில் களிம்பு பிடித்திருக்கிறதா, பியூஸ் பெட்டியில் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். உருகியிருந்தால் அங்கே தொடர்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. போன பியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் பியூஸையே போடுங்கள். பெரியதைப் போட்டாலோ கம்பியைச் சுற்றி வைத்தாலோ, அடுத்த முறை பியூஸுக்குப் பதில் வயர் எரியும், காரே தீப்பிடிக்கக்கூடும்.

பல்பு ஆறிய பிறகு கழற்றுங்கள். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கைப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

படி 3: விளக்கு எரியும்போதே அளவெடுங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. கப்ளரை (பல்பின் பின்னால் செருகியிருக்கும் வயர் இணைப்பு) கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். ‘மின்சாரம் சரியாக வருகிறது’ என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த அளவை நம்ப வேண்டாம். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. வயரின் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். 55 அல்லது 60 வாட் பல்போ ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். வயரின் உண்மை நிலை அப்போதுதான் தெரியும்.

ஆகவே கப்ளரை பல்பிலேயே மாட்டி, விளக்கைப் போடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையைக் கப்ளரின் பின்பக்கமாக, எரிகிற இழைக்கு மின்சாரம் தரும் முள்ளிலும் வையுங்கள். மீட்டர் எட்டாவிட்டால் அந்தத் துண்டு வயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். 0.5க்கு மேல் இருந்தால் பழுது பாசிட்டிவ் பக்கம். அடுத்து, பேட்டரியின் நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் முள்ளுக்கும் இடையே அளவெடுங்கள். அங்கே 0.2க்கு மேல் போனால் எர்த்தைக் கவனிக்க வேண்டும்.

அரை வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

சில ஜப்பானியக் கார்களில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். பல்பில் டிம், பிரைட் இரண்டுக்கும் பொதுவான முள்ளில்தான் பாசிட்டிவ் வரும். அளவு தலைகீழாகத் தெரிந்தால் காரின் வயரிங் படத்தைப் பாருங்கள்.

படி 4: பழுதான இடத்தைப் பிடியுங்கள்

பாசிட்டிவ் பக்கம் என்றால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, மறுமுனையை பியூஸ், ஸ்விட்ச், ரிலே, கப்ளர் என்று மின்சாரம் போகும் வரிசையில் நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் அளவு சட்டென்று எகிறுகிறதோ, அங்கேதான் கோளாறு.

எர்த் என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கண்டுபிடித்து அவிழ்த்தால், வளையத்துக்கு அடியில் துருவோ பெயின்டோ தெரியும். இரண்டு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வயரின் நுனி கறுத்து விறைத்திருந்தால் தேய்ப்பது வீண். நல்ல செம்பு தெரிகிற இடம்வரை வெட்டி, புது வளையம் போடுங்கள்.

பேட்டரியை மாட்டி, படி 3இன் அளவுகளை மறுபடியும் எடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அதைச் சரிசெய்யாதவரை எத்தனை பல்பு மாற்றினாலும் போய்க்கொண்டே இருக்கும்.