உயர் நீதிமன்றத்தின் அடியில் மறைந்த தெருக்களை வரைபடத்தில் மீட்பது எப்படி?

சென்னை உயர் நீதிமன்றம் 1892-இல் திறக்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பு, அதே மண்ணில் வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746 முதல் 1749 வரை புனித ஜார்ஜ் கோட்டையைத் தம் வசம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் வடசுவரை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலியின் 1758–59 முற்றுகையை ஒட்டிய ஆண்டுகளில், எதிரி வீடுகளின் மறைவில் நெருங்கிவிடக் கூடாது என்பதற்காக, எஞ்சியவற்றை ஆங்கிலேயர்களே இடித்துத் திடலாக்கிவிட்டனர். அந்தத் தெருக்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் வரைபடம் வேண்டும். ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் அளந்து வரையப்பட்ட, ஏறத்தாழ 1710-ஐச் சேர்ந்த வரைபடமே இதற்கு ஏற்றது. எச்.டி. லவ் 1913-இல் வெளியிட்ட மதராஸ் வரலாற்றுத் தொகுதிகளில் அதன் பிரதி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன்களில் மடிப்புத் தாள்கள் விரிக்கப்படாமலே படமெடுக்கப்பட்டிருப்பது உண்டு என்பதால், நான்கு ஓரங்களும் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே பதிவிறக்குங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: 1760-களுக்குப் பிந்தைய வரைபடங்களில் ‘கறுப்பர் நகரம்’ என்று குறிக்கப்பட்டிருப்பது இன்றைய ஜார்ஜ் டவுன், அது நாம் தேடும் இடம் அன்று.

மென்பொருளுக்கு க்யூஜிஐஎஸ் போதும், அது இலவசம். கூகுள் எர்த்தில் படத்தை மேலே வைத்துக் கையால் இழுத்துப் பொருத்தும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் எவ்வளவு தவறியிருக்கிறோம் என்பதை அது சொல்வதே இல்லை. க்யூஜிஐஎஸ்-இன் ‘லேயர்’ மெனுவில் ஜியோரெஃபரன்சரை, அதாவது படத்தை நிலத்தின் ஆயங்களோடு பொருத்தும் கருவியைத் திறந்து (பழைய பதிப்புகளில் அது ‘ராஸ்டர்’ மெனுவில் இருக்கும்), ஸ்கேனை ஏற்றி, ஆயமுறையாக, இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் 44 வடக்கு மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது பழைய வரைபடத்திலும் இன்றைய நிலத்திலும் ஒரே இடத்தில் இருப்பவை. இந்தப் படியில்தான் நான் இரண்டு வாரங்களை வீணடித்தேன். பிட் வரைபடத்தில் கறுப்பர் நகரத்துக்குள் பெரிய கோயில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சென்னகேசவப் பெருமாள் கோயில் பூக்கடைப் பகுதியில் இன்றும் இருக்கிறதே என்ற துணிவில் இரண்டையும் இணைத்தேன். நகரமே ரப்பர் துணியைப் போல வடமேற்கே இழுபட்டது. நகரத்தை இடித்தபோது கோயிலும் இடிபட்டது என்பதும், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் அதே பெயரில் வேறிடத்தில் எழுந்ததே இன்றைய கோயில் என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தது. கடற்கரையின் விளிம்பையும் நம்ப முடியாது. துறைமுகம் கட்டப்பட்ட பிறகு கடல் வெகுவாக விலகிவிட்டது. கோட்டையின் வெளிச்சுவரோ பதினெட்டாம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்டது.

அப்படியானால் நகராமல் நின்றவை எவை? கோட்டைக்குள் 1680-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் மேரீஸ் தேவாலயம் ஒன்று. மற்றொன்று, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் உள்ள டேவிட் யேல், ஜோசப் ஹின்மர்ஸ் ஆகியோரின் கல்லறைத் தூண். அங்கிருந்த ஆங்கிலேயர் இடுகாடு அகற்றப்பட்டபோதும் அந்தத் தூணை விட்டுவைத்தார்கள். ஒன்று கோட்டைக்குள்ளும் மற்றொன்று கறுப்பர் நகரத்தின் மேற்கு ஓரத்திலும் இருப்பதால், நாம் தேடும் பகுதியை இவை இரண்டும் இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன. சரிபார்ப்பதற்காகத் தேவாலயத்தை ஒட்டிய தெருச் சந்திப்பு ஒன்றை மூன்றாவதாகச் சேர்த்தேன்.

உருமாற்ற வகையில் ‘ஹெல்மர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு இரண்டு புள்ளிகளே போதும். படத்தை நகர்த்தும், சுழற்றும், அளவு மாற்றும், ஆனால் வளைக்காது. ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ வகை பிழையைப் பூச்சியமாகக் காட்டி ஆசைகாட்டும். தவறான புள்ளியைக் கொடுத்தாலும் வரைபடத்தை வளைத்து அதற்குப் பொருத்திவிடுவதால்தான் அந்தப் பூச்சியம் வருகிறது. என் கோயில் தவறு அத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

புகைப்படக்கலை வந்தபோது அந்தத் தெருக்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன என்றாலும், திடலின் எல்லையை உறுதிப்படுத்தப் புகைப்படங்கள் உதவும். இன்றைய நீதிமன்ற வளாகத்தில் உள்ள, 1844-இல் விளக்கேற்றப்பட்ட 125 அடி உயரக் கலங்கரை விளக்கத் தூண் வெட்டவெளியில் தனியாக நின்றால், அந்தப் படம் நீதிமன்றக் கட்டடத்துக்கு முந்தையது. தலைக்கு மேல் டிராம் கம்பிகள் ஓடினால் அது 1895-க்குப் பிந்தையது.

பொருத்தி முடித்த படத்தைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு பாரிமுனையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். அங்குள்ள டேர் ஹவுஸ் கட்டட வளாகத்தில் 1773-ஐச் சேர்ந்த எல்லைத் தூண் ஒன்று நிற்கிறது. இதற்குத் தெற்கே கட்டடம் எழுப்பக் கூடாது என்று நடப்பட்ட ஆறு தூண்களில் எஞ்சியது அது ஒன்றே.

பின்சேர்க்கை: தம்முடைய வரைபடம் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய பனிக்கடலில் போய் விழுவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஆயங்களைப் பாகையில் தட்டச்சு செய்திருக்கிறார். அப்படிச் செய்பவர்கள் புள்ளிகளின் ஆயமுறையையும் பாகைக்கு மாற்ற வேண்டும். அதை அவர் சரியாகவே மாற்றியிருந்தார். ஆனால் எக்ஸ் கட்டத்தில் 80.28 என்ற தீர்க்கரேகையும், ஒய் கட்டத்தில் 13.08 என்ற அட்சரேகையும் வர வேண்டிய இடத்தில், இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தார். எண்களை இடம் மாற்றியதும் கறுப்பர் நகரம் பாரிமுனைக்கே திரும்பிவிட்டது.