பயிற்சியில் பிள்ளைக்கு அடிபட்டால், தேனீ கொட்டினால்: முதல் அரை மணி நேரம்

பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தபோது, முதலுதவிப் பெட்டி இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு அதிகம் உதவியது கையில் கட்டியிருந்த கடிகாரம்தான். சின்னக் காயங்களில் பெரியவர்கள் அவசரப்பட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. முதல் நாளே கேட்டு வையுங்கள்

யாருக்கு ஒவ்வாமை, யாருக்கு ஆஸ்துமா என்று பெற்றோரிடம் கேளுங்கள். அட்ரினலின் ஊசி (ஒவ்வாமை கடுமையானால் உடனே போடும் ஊசி) வைத்திருக்கும் பிள்ளை என்றால், அது பையில் எந்த அறையில் இருக்கிறது என்பது வரை தெரிந்திருக்க வேண்டும்.

2. சிராய்ப்பு, ரத்தம்

உங்கள் கையைக் கழுவி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காயத்தில் ஒட்டிய மண் போகும்வரை தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், எரிச்சல்தான் மிச்சம். கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவி பிளாஸ்திரி ஒட்டினால் போதும்.

ரத்தம் நிற்கவில்லையா? சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு பிய்ந்து வரும். மூக்கில் ரத்தம் வந்தாலும் அதே 10 நிமிடம்தான். அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்காரவைத்து, சற்று முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. சுளுக்கு, தலையில் அடி

சுளுக்குக்கு ஐஸைத் துணியில் சுற்றி 20 நிமிடம்வரை வையுங்கள், காலைச் சற்று உயர்த்துங்கள். நாலு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளை ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. வாந்தி, குழப்பமான பேச்சு, அதிகமாகும் தலைவலி, எழுப்பமுடியாத தூக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை.

4. தேனீயும் குளவியும்

முதலில் எல்லோரையும் அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். அப்புறம் கொட்டிய இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். கறுப்பாக ஒரு முள், அதன் நுனியில் குட்டிப் பை தெரிந்தால் கொட்டியது தேனீ. தேனீ பறந்துபோன பிறகும் அந்தப் பை விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் எப்படி எடுப்பது என்று யோசித்து நொடிகளை வீணாக்காமல், நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிடுங்கள். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டும்.

சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வலி குறைந்ததும் பிள்ளை ஓடப் பார்ப்பான். விடாதீர்கள். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கினால் சரி. உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சில் இழுப்பு, வாந்தி, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அட்ரினலின் ஊசி இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் போட்டு, ஆம்புலன்ஸை அழையுங்கள். படுக்கவையுங்கள், மூச்சுத் திணறினால் உட்காரலாம், எழுந்து நடக்கக் கூடாது. வாய்க்குள் கொட்டியிருந்தாலும், நிறையக் கொட்டியிருந்தாலும் மருத்துவமனைதான்.

5. பெற்றோரிடம் ஒப்படைக்கும்போது

என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கொட்டிய இடத்து வீக்கம் மறுநாள் இன்னும் பெரிதாகத் தெரியலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.